பச்சை விளக்கு எரிகிறதாம்

"பயப்படாதீங்க சார், ரெய்டு போட்டிருக்கு. எல்லாம் பச்சை விளக்குதான் எரியுது."

இந்த இரண்டு வாக்கியங்களைக் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் எத்தனை இடங்களில் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. எங்கே போய், "எங்கள் காகிதங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டதாகச் சொல்கிறீர்களே, அவை பத்திரமாக இருக்கின்றனவா?" என்று கேட்டாலும் இதே பதில்தான். சொல்பவர் முகத்தில் ஒரு நிம்மதி, கேட்பவர் முகத்திலும் ஒரு நிம்மதி. இன்றைய பதிவு அந்த நிம்மதியோடு சண்டை போடுவதற்காக எழுதப்படுகிறது. தொழில்நுட்ப விஷயம் என்று பாதியில் ஓடிவிடாதீர்கள். பேரேடு எழுதத் தெரிந்த எவருக்கும் இது புரியும்.

நான் எஞ்சினியர் இல்லை. முப்பத்தாறு வருடம் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது எங்கள் ஊரில் பழைய குடும்பக் காகிதங்களை ஸ்கேன் செய்து வைக்கும் ஒரு சிறிய சங்கத்தில் வாரம் மூன்று நாள் உட்காருகிறேன். அங்கே எட்டு டிஸ்க் கொண்ட ஒரு பெட்டி இருக்கிறது. ஒவ்வொன்றும் 4 டெராபைட். யாருமே அதைப் பார்த்துக்கொள்ள முன்வராததால் அந்தப் பெட்டி என் தலையில் விழுந்தது. கையேட்டை எழுத்து எழுத்தாகப் படித்தேன், புரியாததைக் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டேன். "இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு அய்யா?" என்பார்கள். சொல்கிறேன்.

புதுச்சேரிக்காரனுக்கு ஒரு பிறப்புப் பதிவு என்பது வெறும் காகிதமில்லை. தாத்தா எந்தக் கொம்யூனில், எந்தத் தேதியில் பிறந்தார், அவருடைய கல்யாணம் பதிவாகியிருக்கிறதா என்ற ஒரே ஒரு வரியை வைத்துப் பேரனின் பிரெஞ்சுக் குடியுரிமை நிற்கும் அல்லது விழும். சொல்தா பென்ஷன் வாங்கிய தாத்தாவின் விதவைக்குப் பணம் வருமா வராதா என்பதும் அந்த வரிதான். வேலையில் இருந்த காலத்தில் அந்த ஒரு வரிக்காகக் கண்ணீரோடு வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டா, பத்திரம், சர்வீஸ் புத்தகம் என்று உங்கள் ஊரிலும் இதே கதைதான் இருக்கும். அப்படிப்பட்ட வரிகளை ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டு, விளக்கு பச்சையாக இருக்கிறது என்று சொன்னால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

முதலில் ரெய்டு என்றால் என்ன என்பதைக் குமாஸ்தா பாஷையில் சொல்லிவிடுகிறேன். 1988-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் என்ற மூன்று பேர் ஒரு கட்டுரை எழுதினார்கள். விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக விலை குறைந்த பல சிறிய டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டி, ஒன்று போனாலும் மற்றவற்றை வைத்து மீட்கலாம் என்பது அவர்கள் யோசனை. எப்படி மீட்பது? ஒரு வரியில் ஏழு தொகைகளை எழுதி எட்டாவது கட்டத்தில் கூட்டுத்தொகையைப் போடுங்கள். ஏழில் ஒன்றின் மேல் மை கொட்டிவிட்டால், மொத்தத்திலிருந்து மற்ற ஆறைக் கழித்தால் அழிந்த தொகை வந்துவிடும். ரெய்டு 5 என்பது இதுதான். இரண்டு கட்டத்தில் மை கொட்டினால்? கதை முடிந்தது. அதற்காகத்தான் ரெய்டு 6-இல் வேறு விதமான இன்னொரு கூட்டுத்தொகையும் போடுகிறார்கள். இரண்டு அழிந்தாலும் மீட்கலாம்.

நல்ல ஏற்பாடுதான். நான் குறை சொல்வது ஏற்பாட்டை அல்ல. அதை வாங்கி வைத்துவிட்டால் தன் வேலை முடிந்தது என்று நாற்காலியில் சாய்கிறானே, அவனை.

பச்சை விளக்கு எதைச் சொல்கிறது? டிஸ்க் சுழல்கிறது, கூப்பிட்டால் குரல் கொடுக்கிறது என்பதைச் சொல்கிறது. அவ்வளவுதான். அதில் எழுதியிருப்பதைத் திரும்பப் படிக்க முடியும் என்று அது சொல்லவே இல்லை. வேலைக்கு வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பதற்காக ஒருவர் வேலை செய்கிறார் என்று அர்த்தமா? நான் முப்பத்தாறு வருடம் அரசாங்க அலுவலகத்தில் இருந்தவன், என்னிடமா இந்தக் கதை!

டிஸ்க்கின் நோய் பெரும்பாலும் சத்தமில்லாமல் வருகிறது. யாரும் நாலைந்து வருடம் திறக்காத ஒரு மூலையில் நாலு செக்டார் கெட்டுப் போயிருக்கும். படித்தால்தானே தெரியும்? யாரும் படிக்கவில்லை, ஆகவே யாருக்கும் தெரியாது. ரெக்கார்டு ரூமில் கட்டை அவிழ்க்காதவரை கரையான் கண்ணில் படாதல்லவா, அதே மாதிரி. பிறகு ஒரு நாள் வேறொரு டிஸ்க் முழுசாகப் போகும். புது டிஸ்க்கைச் செருகி மீட்க ஆரம்பிப்பார்கள். அப்போதுதான் முதல் தடவையாக மீதி டிஸ்க்குகள் அத்தனையும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை படிக்கப்படும். அந்தப் பழைய நாலு செக்டாரும் அப்போதுதான் வாயைத் திறக்கும். ஒரு கட்டம் ஏற்கெனவே காலி, இப்போது இன்னொரு கட்டத்திலும் மை. ரெய்டு 5-ஆக இருந்தால் அந்த இடம் போனது போனதுதான்.

இது என் கற்பனை பயம் இல்லை. சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில் ஓர் எண் இருக்கும். 1-க்குப் பின்னால் 14 சுழி போட்டால் வரும் அத்தனை பிட்டுகளைப் படித்தால், அதில் ஓரிடம் படிக்க முடியாமல் போகலாம் என்று தயாரிப்பாளரே எழுதித் தருகிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள், 12.5 டெராபைட்தான். எங்கள் பெட்டி ரெய்டு 5-ஆக இருந்திருந்தால், ஒரு டிஸ்க்கை மீட்க மற்ற ஏழிலும் சேர்த்து 28 டெராபைட் படிக்க வேண்டும். நடைமுறையில் டிஸ்க்குகள் இந்த எண்ணைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன என்பது வேறு விஷயம். ஆனால் விற்றவரே எழுதிக் கொடுத்த எச்சரிக்கையை வாங்கியவர் படிக்கவில்லை என்றால் அதற்கு என்ன பெயர்?

இதற்கு மருந்து உண்டு, காசு கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை. கன்ட்ரோலர் கார்டுகளில் ‘பேட்ரோல் ரீட்’ என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. பாராக்காரன் தெருத் தெருவாகப் போவது போல, வேலை குறைவான நேரத்தில் டிஸ்க் முழுவதையும் படித்துக்கொண்டே போகும். கெட்ட இடம் கண்டால் மற்ற டிஸ்க்குகளின் கூட்டுத்தொகையை வைத்துச் சரியானதைக் கண்டுபிடித்துத் திரும்ப எழுதிவிடும். எங்கள் கார்டில் 168 மணி நேரத்துக்கு ஒரு தடவை, அதாவது வாரம் ஒரு முறை, என்று தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பியிருக்கிறார்கள். டெபியன் லினக்ஸில் கார்டு இல்லாமல் மென்பொருளாலேயே ரெய்டு கட்டினால், ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவுக்கு மேல் அதுவே இந்தச் சோதனையைத் தொடங்கிவிடும். கேட்காமலே கொடுத்திருக்கிறார்கள். நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? "சிஸ்டம் ஸ்லோவாகுது" என்று அதை நிறுத்தி வைக்கிறார்கள்.

எங்கள் பெட்டியிலும் அப்படித்தான் இருந்தது. நிறுவிக் கொடுத்த கம்பெனி (பெயர் வேண்டாம், இந்த விஷயத்தில் எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்) முதல் நாளே அதை நிறுத்திவிட்டுப் போயிருந்தது. நான் பிடிவாதம் பிடித்து மறுபடி ஓட வைத்தேன். முதல் சுற்று முடிந்ததும் நாலாம் டிஸ்க்கின் ஸ்மார்ட் கணக்கை எடுத்துப் பார்த்தேன். ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்துக்கொள்ளும் சர்வீஸ் புத்தகம். அதில் வரிசைக்கு ஓர் எண். 5-ஆம் எண், கெட்டுப்போனதால் வேறிடத்துக்கு மாற்றப்பட்ட செக்டார்கள். 197, சந்தேகத்தின் பேரில் காத்திருப்பவை. 198, படிக்கவே முடியாதவை. 187, படிக்க முடியவில்லை என்று வெளியே அறிவித்த தடவைகள். மற்றதெல்லாம் புரியாவிட்டாலும் பாதகமில்லை, இந்த நாலையும் பாருங்கள். நாலாம் டிஸ்க்கில் 5-ஆம் எண்ணுக்கு நேராக 8 என்றிருந்தது. அடுத்த மாதம் 24. அதற்கடுத்த மாதம் 112.

கம்பெனியைக் கூப்பிட்டேன். வந்த தம்பி நல்ல பிள்ளைதான். திரையில் மேலே ஒரு வரியைக் காட்டினார். மொத்த ஆரோக்கியம்: தேர்ச்சி. "பாருங்க சார், பாஸ்னு போட்டிருக்கு. ஃபெயில் ஆனாதான் வாரண்டியில மாத்துவாங்க."

தம்பி சொன்னதில் பொய்யே இல்லை, அதுதான் வேதனை. டிஸ்க் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் மார்க் அது. தேர்ச்சிக்கான கோட்டைத் தயாரிப்பாளர் அவ்வளவு கீழே வைத்திருக்கிறார். கூகுள் நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. மேற்பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் சாவதற்கான வாய்ப்பு, பிழையே இல்லாத டிஸ்க்கைப் போல 39 மடங்கு என்று அதில் இருக்கிறது. அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. செத்துப்போன டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கு மேல், சூட்டு அளவு தவிர ஸ்மார்ட் கணக்கில் எந்த அறிகுறியும் காட்டாமலே செத்திருக்கின்றன. அதாவது, எண் ஏறினால் கட்டாயம் கவலைப்பட வேண்டும். ஏறாவிட்டால் நிம்மதியாக இருக்கலாம் என்பதும் கிடையாது. இரண்டும் பச்சை விளக்கில் தெரியாது.

நான் விடவில்லை. மூன்று மாதப் பக்கங்களையும் நகல் எடுத்து இணைத்து, பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று பழைய பாணியில் கடிதம் எழுதி, நகல் தலைவருக்கு, நகல் பொருளாளருக்கு என்று போட்டு அனுப்பினேன். கடிதத்துக்கு இன்றும் ஒரு பலம் இருக்கிறது. டிஸ்க் மாறியது. மீட்பு வேலை ஒன்றேகால் நாள் ஓடியது. அந்த நேரத்தில் ஆறாம் டிஸ்க்கில் இரண்டு இடங்கள் படிக்க மறுத்தன. பெட்டி ரெய்டு 6-ஆக இருந்ததால் இரண்டாவது கூட்டுத்தொகை காப்பாற்றியது. அந்த ஒன்றேகால் நாளும் முன்பக்கத்தில் எத்தனை விளக்கு பச்சையாக இருந்தது தெரியுமா? எட்டில் ஏழு. ஆறாம் டிஸ்க்கும் பச்சைதான்.

இனி கேஷ் விவகாரத்துக்கு வருகிறேன். இங்கே எனக்குச் சொந்தமாக ஒரு சின்ன வருத்தம் உண்டு. கேஷ், கேஷ் என்று எல்லாரும் ஏதோ காசு பணம் மாதிரிச் சொல்கிறார்கள். அது எங்கள் பள்ளிக்கூட பாஷையான பிரெஞ்சிலிருந்து போன சொல். ‘காஷே’ என்றால் ஒளித்து வைப்பது. ‘காஷ்’ ஒளித்து வைக்கும் இடம். கனடாக் காடுகளில் தோல் வேட்டைக்குப் போன பிரெஞ்சுக்காரர்கள் சாமான்களை மண்ணில் புதைத்து வைத்த குழிக்கு அந்தப் பெயர். அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய், 1960-களின் கடைசியில் ஐபிஎம் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தது. பெயர் வைத்தவர் யோசித்து வைத்தாரோ இல்லையோ, பெயர் பொருத்தம்தான். இந்த விவகாரத்தில் ஒளித்து வைப்பது உண்மையாகவே நடக்கிறது.

தபால் பிரிவில் இரண்டு விதமான குமாஸ்தாக்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர், நீங்கள் மனுவைக் கொடுத்தால் வாங்கி, பதிவேட்டில் வரிசை எண் போட்டு எழுதி முடித்த பிறகே ‘பெற்றுக்கொண்டேன்’ என்று முத்திரை குத்திக் கொடுப்பார். வரிசை நீளும், வெளியே திட்டுவார்கள். இன்னொருவர், வாங்கியதும் முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டு மனுவை மேஜை இழுப்பறையில் போட்டுக்கொள்வார். சாயங்காலம் சாவகாசமாகப் பதிவேட்டில் ஏற்றுவார். வரிசை பறக்கும், எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். முதலாமவர் ரைட் த்ரூ. இரண்டாமவர் ரைட் பேக். கன்ட்ரோலரின் கேஷ்தான் அந்த இழுப்பறை.

இரண்டாமவர் தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். ரெய்டு 5-இல் ஒரு சின்ன எழுத்தை மாற்றுவதற்கே, பழையதைப் படி, பழைய கூட்டுத்தொகையைப் படி, புதியதை எழுது, புதிய கூட்டுத்தொகையை எழுது என்று நாலு வேலை. ரெய்டு 6-இல் ஆறு. நாள் முழுக்கச் சிறு சிறு பதிவுகள் விழுந்துகொண்டிருக்கும் இடத்தில், இழுப்பறையில் சேர்த்து வைத்து மொத்தமாக எழுதினால்தான் கட்டுப்படியாகும். ஆனால் அந்த இழுப்பறை மின்சாரம் போனால் ஆவியாகிவிடும் இழுப்பறை. அதனால்தான் கார்டோடு ஒரு பேட்டரி கொடுக்கிறார்கள். மின்சாரம் போனாலும் இழுப்பறையில் இருப்பதை அது தாங்கிப் பிடித்திருக்கும், மின்சாரம் வந்ததும் பதிவேட்டில் ஏற்றப்படும். பேட்டரி பழசானால், அல்லது தன்னைத் தானே சோதித்துக்கொள்வதற்காகக் காலியாகி நிரம்பும் நேரத்தில், கார்டு தானாகவே ரைட் த்ரூவுக்கு மாறிவிடும். வேகம் குறையும், ஆனால் பொய் முத்திரை குத்தாது. எவ்வளவு நேர்மையான ஏற்பாடு பாருங்கள்!

இந்த நேர்மையைத்தான் நம்மவர்கள் தாங்க மாட்டார்கள். கார்டின் அமைப்பில், பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதும் ரைட் பேக் என்று கட்டாயப்படுத்த ஓர் இடம் உண்டு. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் ஒரு நாள் எல்லாம் மெதுவானது. புகார் போயிற்று. பராமரிப்பு ஒப்பந்தக்காரர் ஆளை அனுப்பினார். அவர் அரை மணி நேரத்தில் அந்தக் கட்டாயத்தைப் போட்டுவிட்டுப் போனார். மறுபடி எல்லாம் பறந்தது. அதிகாரி பாராட்டிக் கையெழுத்துப் போட்டார். ஏன் மெதுவானது என்று ஒருவரும் கேட்கவில்லை. பேட்டரி செத்துப்போயிருந்தது, அதனால் மெதுவானது. சில மாதம் கழித்து ஒரு மதியம் சர்வரின் பவர் சப்ளை புகைந்து அணைந்தது. இழுப்பறையில் இருந்ததெல்லாம் போயிற்று. போனது அன்றைய மனுக்கள் மட்டும் என்றால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். இழுப்பறையில் மனுவும் இருந்தது, பதிவேட்டின் பொருளடக்கத் திருத்தமும் இருந்தது. பாதி ஏறி பாதி ஏறாத பொருளடக்கத்தை வைத்துக்கொண்டு எந்தக் கோப்பு எங்கே என்று தேட மூன்று வாரம் ஆயிற்று. சில கோப்புகள் கிடைக்கவே இல்லை. தங்களிடம் முத்திரை குத்திய ரசீது இருக்கிறது என்று வந்து நின்ற ஜனங்களிடம், "அப்படி ஒரு மனுவே வரவில்லை" என்றார்கள்.

"யூபிஎஸ் இருக்கே சார்" என்பார்கள். யூபிஎஸ் சுவரிலிருந்து வரும் மின்சாரத்துக்குத்தான் காவல். பெட்டிக்குள் பவர் சப்ளை எரிந்தால், கார்டு கழன்றால், துடைக்க வந்த அம்மாள் காலில் வயர் இடறினால் யூபிஎஸ் என்ன செய்யும்? பேட்டரியே இருந்தாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. நல்ல நிலையில் 48 மணி, 72 மணி என்பதுதான் வழக்கமான கணக்கு. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் எங்கள் கரையில் ஏறியது. மூன்று நாளில் எல்லாத் தெருவுக்கும் மின்சாரம் வந்துவிட்டதா என்று கடலூர்க்காரரையும் புதுச்சேரிக்காரரையும் கேளுங்கள். அதனால்தான் பிற்காலக் கார்டுகளில் மின்சாரம் போன உடனேயே இழுப்பறையில் இருப்பதை ஃபிளாஷ் நினைவகத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். அதைச் செய்து முடிக்கும் வரைதான் சூப்பர் கெபாசிட்டர் தாங்க வேண்டும், பிறகு எத்தனை நாள் ஆனாலும் கவலையில்லை. புயல் கரையில் இருக்கிறவர்கள் வாங்கும்போது கேட்க வேண்டியது இதை. எத்தனை டெராபைட் என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

இன்னொரு இழுப்பறையும் உண்டு, பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு டிஸ்க்குக்குள்ளும் தனியாக ஒரு சின்ன கேஷ் இருக்கிறது. கார்டின் பேட்டரி அதைக் காப்பாற்றாது. கார்டு நேர்மையாகப் பதிவேட்டுக்கு அனுப்பினாலும், டிஸ்க் வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு "எழுதிவிட்டேன்" என்று சொல்லக்கூடும். அதை அணைத்து வையுங்கள். எங்கள் சங்கத்தைப் போல, ஒரு தடவை எழுதிப் பல தடவை படிக்கும் இடத்தில் ரைட் த்ரூவே போதும். ஸ்கேன் செய்யும் பெண் ஒரு பக்கத்துக்கு இன்னும் இரண்டு நொடி காத்திருந்தால் குடி முழுகிவிடாது.

ஒரே லோடில் வந்த டிஸ்க்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எட்டும் ஒரே பெட்டியில் வந்து, ஒரே நாளில் செருகப்பட்டு, ஒரே சூட்டில் சுழன்றால், நோய் மட்டும் தனித்தனியாக வருமா? 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் தன் சில எஸ்எஸ்டி டிஸ்க்குகளைப் பற்றி ஓர் அறிவிப்பு விட்டது. உள் மென்பொருளில் இருந்த பிழையால், ஓடிய நேரம் 32,768 மணியைத் தொட்டதும் அவை செத்துவிடும், திருத்தத்தை உடனே ஏற்றுங்கள் என்று. 3 வருடம் 270 நாள் 8 மணி நேரம். அரசாங்கத்தில் ஒருவருக்கு இன்கிரிமென்ட் தேதிகூட இவ்வளவு துல்லியமாக வந்ததில்லை. எல்லா டிஸ்க்கையும் ஒரே வேளையில் ஓட்ட ஆரம்பித்தவனுக்கு எல்லாமே ஒரே வேளையில் போகும், கூட்டுத்தொகை எத்தனை போட்டிருந்தாலும் சரி. அறிவிப்பைப் படித்தவன் தப்பிக்கலாம். படிப்பது யார் வேலை என்று உங்கள் அலுவலகத்தில் எழுதி வைத்திருக்கிறதா?

கடைசியாக ஒரு பெரிய பொய். ரெய்டு இருப்பதால் நகல் வேண்டாம் என்பது.

பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பழக்கங்களில் பலவற்றை நான் விமர்சிப்பவன்தான். ஆனால் எத்தா சிவில் பதிவேட்டை அவன் வைத்த முறைக்குத் தலை வணங்குகிறேன். 1667-இலேயே பிரான்சில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவேடுகளை இரண்டு பிரதியாக எழுத வேண்டும் என்று சட்டம். ஒன்று எழுதிய இடத்தில், மற்றது நீதிமன்றத்தில். இரண்டு பிரதி போதுமா? 1871 மே மாதம், பாரிஸ் கொம்யூன் கடைசி நாட்களின் தீயில் நகராட்சியிடம் இருந்த பிரதியும் எரிந்தது, நீதிமன்றக் கட்டடத்தில் இருந்த பிரதியும் எரிந்தது. 1860-க்கு முந்தைய பாரிஸ் நகரத்தின் சுமார் 80 லட்சம் பதிவுகள் ஒரேயடியாகப் போயின. குடும்பங்களிடமிருந்த நகல்களையும் மற்ற ஆவணங்களையும் தேடித் தேடிச் சேர்த்தும் மூன்றில் ஒரு பங்கைத்தான் திரும்ப எழுத முடிந்தது. இரண்டு பிரதியும் ஒரே ஊரில் இருந்ததுதான் காரணம். ஒரே பெட்டிக்குள் எட்டு டிஸ்க் என்பது அதைவிட மோசம்.

இதில் வேடிக்கை, தலைநகரத்துக்கு இல்லாத பாதுகாப்பு எங்களுக்கு இருந்தது. 1776 ஜூன் மாதம் பதினாறாம் லூயி ஓர் அரசாணை போட்டான். காலனிகளின் பதிவேடுகளில் மூன்றாவதாக ஒரு பிரதி எழுதிக் கப்பலேற்றி வெர்சாய்க்கு அனுப்ப வேண்டும். அந்த மூன்றாம் பிரதிகள் இன்று தெற்கு பிரான்சில் எக்ஸ் நகரத்துக் காப்பகத்தில் இருக்கின்றன. இங்கே ஒரு பதிவேட்டில் பக்கம் கிழிந்தால், அங்கிருக்கும் பிரதியை இன்று வீட்டிலிருந்தே கணினித் திரையில் பார்க்கலாம். கடற்கரையில் எங்கள் பழைய மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு, அடுத்த ஊரில் ஒரு பிரதி என்பதன் அருமை தெரியும். இப்போது கம்ப்யூட்டர்காரர்கள் ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்று ஒரு விதி சொல்கிறார்கள். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனத்தில், ஒன்று வெளியூரில். மையும் இறகும் வைத்து எழுதிய குமாஸ்தா இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் செய்ததில் இரண்டாவது மட்டும்தான் குறை.

நம் காலத்தில்? 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் டேஜான் நகரத்தில் அரசாங்கத் தகவல் மையத்தில் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளை வைத்திருந்த ஜி டிரைவ் என்ற சேமிப்பகம் எரிந்தது. ஆளுக்கு 30 ஜிபி, மொத்தம் 858 டெராபைட். வேறெங்கும் நகல் கிடையாது. அளவு மிகப் பெரியது என்பதால் வெளியே நகல் எடுக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். கம்ப்யூட்டரில் நம்மைவிட எவ்வளவோ முன்னால் போன தேசம் அது. அந்தச் செய்தியைப் படித்த அன்று, குமாஸ்தா என்ற முறையில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

"ஆள் இல்லை, பட்ஜெட் இல்லை" என்று பதில் வரும். வாங்குவதற்கு மட்டும் எப்படி பட்ஜெட் வந்தது? டெண்டர் கோப்பில் பெட்டிக்கு இருபது பக்கம் விவரம் எழுதுகிறீர்கள். பேட்டரியை எத்தனை வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், எண் எவ்வளவு ஏறினால் ஃபெயில் ஆகும்வரை காத்திராமல் டிஸ்க்கை மாற்றித் தர வேண்டும், பேட்ரோல் ரீட் ஓடிய பதிவை மாதாமாதம் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று மூன்று வரி சேர்த்து எழுதினால் என்ன குறைந்துவிடும்? அலுவலகத்தில் நாற்காலி மேஜைக்கு வருடா வருடம் இருப்புச் சரிபார்ப்பு உண்டு. உடைந்த ஸ்டூலுக்குக்கூட எண் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். ஒரு மாவட்டத்தின் நினைவையே வைத்திருக்கும் பெட்டிக்குக் கையெழுத்துப் போட ஒருவரும் இல்லை.

எங்கள் சங்கத்தில் ஒரு நீளப் பதிவேடு வாங்கிக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மாதத்தின் முதல் திங்கட்கிழமை, இருபது நிமிடம். எட்டு டிஸ்க்குக்கும் நாலு எண்கள், பேட்டரி நிலை, கேஷ் எந்த முறையில் இருக்கிறது, கடைசி பேட்ரோல் ரீட் எப்போது முடிந்தது, கண்டது என்ன. பிறகு வெளியூர் நகலிலிருந்து ஏதாவது ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துத் திறந்து பார்க்கிறேன். திறக்காத நகலை நகல் என்று நான் எழுதுவதில்லை. கீழே என் கையெழுத்து, எதிரில் செயலாளர் கையெழுத்து. முதலில் அவர் சிரித்தார். இப்போது அவரே எண்களைப் படித்துச் சொல்கிறார்.

இந்த மாதப் பக்கத்தில் ஏழு டிஸ்க்கில் மாற்றமில்லை. ஆறாம் டிஸ்க்கில் 5-ஆம் எண் 16-இலிருந்து 40 ஆகியிருக்கிறது. மொத்த ஆரோக்கியம் தேர்ச்சிதான், விளக்கும் பச்சைதான். மாற்று டிஸ்க் கேட்டு, இரண்டு பார்வை குறித்து, போன செவ்வாய்க்கிழமை கடிதம் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை நினைவூட்டல் எழுதுவேன்.